பயாஸ்ஃபியரின் ‘சப்ஸ்ட்ராட்டா 2’: தாளத்தைக் கழற்றி வைத்தவரின் இரட்டை சிடி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது தூங்குவதற்காகப் போடும் ஆல்பம் இல்லை. பயாஸ்ஃபியர் என்ற நார்வே மின்னணு இசைக்கலைஞரின் பெயரைத் தேடினால் வந்து விழும் பட்டியல்களில் பாதி தூக்கத்துக்கு, தியானத்துக்கு, படிக்கும்போது பின்னால் ஓடுவதற்கு என்று இருக்கும். மீதிப் பாதியில் பனிமலைப் படத்தைப் போட்டு ஆர்க்டிக் குளிர் என்று எழுதியிருப்பார்கள். அதை நம்பி அவருடைய ‘சப்ஸ்ட்ராட்டா’ ஆல்பத்தை ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் போட்டவர்கள், பாதி வழியில் இருட்டுக்குள்ளிருந்து ஒரு ஆள் ரஷ்ய மொழியில் பேச ஆரம்பித்ததும் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள்.

நான் பேசப்போவது 2001இல் லண்டனைச் சேர்ந்த ‘டச்’ (Touch) என்ற லேபிள் வெளியிட்ட ‘சப்ஸ்ட்ராட்டா 2’ என்ற இரட்டை சிடியைப் பற்றி. பெயரைப் பார்த்து இரண்டாம் பாகம் என்று நினைக்க வேண்டாம். முதல் தட்டில் 1997இல் வந்த ‘சப்ஸ்ட்ராட்டா’ முழுதாக, ரீமாஸ்டர் செய்யப்பட்டு இருக்கிறது. இரண்டாவது தட்டில் ஒரு மௌனப் படத்துக்காக 1996இல் செய்த இசை, அப்புறம் ‘சப்ஸ்ட்ராட்டா’வின் ஜப்பான் பதிப்பில் மட்டும் இருந்த இரண்டு ட்ராக்குகள். ஆம்பியன்ட், அதாவது தாளத்தைவிடச் சூழலையும் ஒலியையும் முன்னால் வைக்கிற இசை, அந்தப் பக்கம் புதிதாக வருகிற யாராவது ஒன்றே ஒன்று வாங்குகிறேன், எதை வாங்கலாம் என்று கேட்டால் நான் இதைத்தான் கைகாட்டுவேன். குறை இல்லாமல் இல்லை, அதையும் சொல்கிறேன்.

பயாஸ்ஃபியர் என்றால் ஒரே ஆள்தான், கெய்ர் யென்சன். 1962இல் நார்வேயின் த்ரோம்சோ நகரத்தில் பிறந்தவர். ஆர்க்டிக் வட்டத்துக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே இருக்கிற ஊர் அது. நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஜனவரி பாதியில்தான் மறுபடி தலைகாட்டும், கோடையில் இரண்டு மாதம் மறையவே மறையாது. பெரிய ஊர் இல்லை, ஆனாலும் ராய்க்சாப் என்ற மின்னணு இசை ஜோடியும் அங்கிருந்து வந்ததுதான். யென்சன் முதலில் பெல் கான்டோ என்ற மூவர் குழுவில் இருந்தார், அன்னெலி ட்ரெக்கர் பாட, நில்ஸ் யோஹான்சனும் இவரும் இசை. 1987இல் ஒரு ஆல்பம், 1989இல் ஒரு ஆல்பம், இரண்டையும் பிரஸ்ஸல்ஸின் க்ராம்ட் டிஸ்க்ஸ் வெளியிட்டது. மிதக்கிற மாதிரியான பாப் இசை, நல்ல குரல், கொஞ்சம் அலங்காரம் கூடுதல். 1990 வாக்கில் அதிலிருந்து விலகி, ப்ளீப் என்ற பெயரில் ஒரு டெக்னோ ஆல்பம் (ஆடுவதற்கான மின்னணுத் தாள இசை) செய்தார். அதை இன்றைக்குக் கேட்டால் அந்தக் காலத்து ட்ரம் மெஷின்களின் மேல் ஒருவர் கை பழகுவது தெரியும், அவ்வளவுதான்.

அடுத்து பயாஸ்ஃபியர் என்ற பெயரில் செய்ததை அந்த பெல்ஜியக்காரர்கள் இது விற்காது என்று திருப்பிவிட்டார்கள். 1991இல் நார்வேயின் ஒரிகோ சவுண்ட் அதை ‘மைக்ரோகிராவிட்டி’ என்று வெளியிட்டது, மறுவருடம் கெண்ட் நகரத்து ஆர் அண்ட் எஸ் லேபிளின் ஆம்பியன்ட் கிளையான அப்போலோ அதை எடுத்துக்கொண்டது. பிரிட்டிஷ் மின்னணு இசைக்காரர் ஏஃபெக்ஸ் ட்வினின் முதல் ஆல்பம் வந்ததும் அதே 1992இல், அதே அப்போலோவில்தான். ஆடவந்த கூட்டத்தில் களைத்துப்போய் ஓரமாக உட்கார்ந்தவர்களுக்கான இசை என்று ஒன்று அப்போது தனியாக உருவாகிக்கொண்டிருந்தது. டெக்னோவின் கிக் டிரம், அதாவது தாளத்தை ஓட்டுகிற அந்தக் கனத்த மேள அடி, அப்படியே இருக்கும், ஆனால் அதன் மேலே ஏறி நிற்கவேண்டிய உற்சாகம் இருக்காது, அதற்குப் பதில் விண்கலத்தின் ரேடியோப் பேச்சு, சினிமாவிலிருந்து எடுத்த ஒரு குரல், நீண்டுகொண்டே போகிற சிந்தசைசர். ‘மைக்ரோகிராவிட்டி’ அந்த வகையில் முதல் வரிசை ஆல்பம். 1994இல் வந்த ‘பட்டாஷ்னிக்’ அதைவிடப் பளபளப்பு, தயாரிப்பு நேர்த்தி அதிகம். நான் முதலாவதையே எடுப்பேன், அதன் முரட்டுத்தனம் எனக்குப் பிடிக்கும்.

இங்கேதான் கதை திரும்புகிறது. ‘பட்டாஷ்னிக்’கில் ‘நாவல்டி வேவ்ஸ்’ என்று ஒரு ட்ராக், இருப்பதிலேயே துள்ளலானது. அதை லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். மருந்துக்கடையை வைத்து மிஷெல் கோன்ட்ரி எடுத்த கறுப்பு வெள்ளை விளம்பரம் அது, பின்னாளில் ‘எடர்னல் சன்ஷைன்’ படத்தை எடுத்த அதே கோன்ட்ரி. 1995இல் அது ஐரோப்பா முழுக்க ஓடியது, பாட்டு பிரிட்டிஷ் தரவரிசைக்குள் எட்டிப் பார்த்தது. இந்த இடத்தில் பொதுவாக என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். அதே மாதிரி இன்னும் நாலு ட்ராக், ஒரு பெரிய கம்பெனி, ஒரு பாடகி, உலகச் சுற்றுப்பயணம். யென்சன் செய்தது அடுத்த ஆல்பத்திலிருந்து கிக் டிரம்மையே எடுத்துவிட்டார். ‘பட்டாஷ்னிக்’ வந்து மூன்று வருடம் கழித்து ‘சப்ஸ்ட்ராட்டா’ வந்தபோது அதில் ஆடுவதற்கு ஒன்றுமே இல்லை. அதை வெளியிட்டதும் வேறொரு லேபிள், இங்கிலாந்தின் ஆல் செயின்ட்ஸ்.

நடுவில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது, அதை விட்டுவிட்டால் இந்தத் திருப்பம் திடீரென்று வானத்திலிருந்து விழுந்த மாதிரி தெரியும். 1995இல் த்ரோம்சோவில் நடந்த ஒரு இசை விழாவில் யென்சனும், ஹையர் இன்டெலிஜென்ஸ் ஏஜென்சி என்ற பெயரில் இயங்கிய பர்மிங்காம்காரர் பாபி பேர்டும் சேர்ந்து நேரடியாக வாசித்தார்கள். ஊர்ப்பக்கத்து மலையின் மேல் ஏறும் கேபிள் காரின் இயந்திரச் சத்தத்தையும் சுற்றுவட்டாரத்து ஒலிகளையும் பதிவு செய்து அதையே கருவியாக்கிக்கொண்டார்கள். மறுவருடம் ‘போலார் சீக்வென்சஸ்’ என்று ஆல்பமாக வந்தது. கம்பி இழுபடுகிற ஒலி மெதுவாகத் தாளமாக மாறுவதை அதில் கேட்கலாம். ஒரு இடத்தின் சத்தத்தை அலங்காரமாக ஒட்டாமல் அதிலிருந்தே இசையை எடுப்பது என்ற பழக்கம் அவருக்கு அங்கே உறுதிப்பட்டுவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

சரி, முதல் தட்டு. தொடக்கத்தில் இசையே கிடையாது, வெளியில் எங்கோ உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒலி, வானத்தில் விமானம் ஒன்று போகிறது. இரண்டு நிமிடம்கூட இல்லை. அதற்குள் காது, பாட்டுக் கேட்கிற நிலையிலிருந்து சத்தங்களைக் கவனிக்கிற நிலைக்கு மாறிவிடும். அதன் பிறகு ‘போவா அல்பினா’வில் கிதார் தந்தியைச் சுண்டுகிற மாதிரி ஒரு லூப், திரும்பத் திரும்ப ஓடுகிற ஒரு சின்ன ஒலித்துண்டு, வந்து சுற்ற ஆரம்பிக்கிறது, அடியில் ஒரு நீண்ட ஒலி. எதுவும் வளர்வதில்லை, உச்சத்துக்குப் போவதில்லை. வருகிறது, இருக்கிறது, போகிறது. மூன்றாவதான ‘சுக்குங்’ நேபாளத்தில் எவரெஸ்ட் பக்கத்து ஒரு மலைக் குடியிருப்பின் பெயர். யென்சன் மலையேறுபவர், 2001இல் 8,201 மீட்டர் உயரமுள்ள சோ ஓயு சிகரத்துக்கே போய்வந்தவர், வழியெல்லாம் பதிவு செய்ததைத் தனி ஆல்பமாக 2006இல் வெளியிட்டார். மற்ற பல ட்ராக்குகளுக்குச் செடிகளின் தாவரவியல் பெயர்கள்: போவா அல்பினா உயர்மலைப் புல், கோப்ரேசியா கோரை வகை, அன்டெனேரியா, சைலீன் எல்லாம் சின்னப் பூச்செடிகள். மரம் வளர முடியாத உயரத்தில் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு வளர்கிற வகைகள். பெயர் வைத்ததில்கூட பிரம்மாண்டமான பனிச் சிகரம் ஒன்றும் இல்லை பாருங்கள், காலடியில் இருப்பதைத்தான் பார்க்கிறார்.

இந்த ஆல்பத்தில் என்னை விடாமல் பிடித்து வைத்திருப்பது குரல்கள். ‘ஹைப்பர்போரியா’வில் வருவது ‘ட்வின் பீக்ஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் மேஜர் பிரிக்ஸ், தான் கண்ட ஒரு காட்சியைச் சொல்கிறார், உள்ளிருந்து ஒளிவீசுகிற ஒரு பெரிய மாளிகை. தொடரில் அது ஒரு உணவகத்தில் உட்கார்ந்து அப்பா மகனிடம் சொல்வது, எதிரே மகனின் முகத்தைக் காட்டுவார்கள். இங்கே மகனும் இல்லை, உணவகமும் இல்லை, சொல்கிற குரல் மட்டும் தனியாக மிதக்கிறது, யாரிடம் சொல்கிறார் என்றே தெரியாது. வாக்கியம் முடிந்த இடத்தில் இசை அதை விளக்குவதில்லை, சும்மா தொடர்கிறது. இதே தொடரிலிருந்து ராட்சத மனிதனின் குரலை எடுத்து ‘தி திங்ஸ் ஐ டெல் யூ’ என்ற ட்ராக்கிலும் வைத்திருக்கிறார், அது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. தொடரைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குரல் கேட்டதுமே அந்த ஓட்டல் அறையும் நாயகன் கூப்பரும் வந்து நின்றுவிடுவார்கள், இசை ஒரு ஓரமாகப் போய்விடும். ஒரே ஆல்பத்தில் இரண்டு முறை ஒரே தொடர் என்பது கொஞ்சம் அதிகம்தான்.

அதற்கு நேரெதிர் ‘கோப்ரேசியா’. நான் முதலில் சொன்ன ரஷ்யக் குரல் இதில்தான். சோவியத் காலத்துத் தொலையுணர்வுச் சோதனை ஒன்றின் பதிவு அது. கண்ணுக்கு எட்டாத இடத்தில் இன்னொருவர் வைத்திருக்கும் பொருளை மனதால் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஆள் ஒரு சொல் சொல்கிறார், நிறுத்துகிறார், மூச்சு விடுகிறார், இன்னொரு சொல். ரஷ்ய மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒருவர் எதையோ தடவித் தடவித் தேடுகிறார் என்பது குரலிலேயே இருக்கிறது. பின்னால் தந்தி வாத்தியங்கள் மாதிரி ஒன்று எழுந்து எழுந்து அடங்குகிறது. அந்த இடைவெளிகளை யென்சன் நிரப்பாமல் விட்டிருக்கிறார், அதுதான் கெட்டிக்காரத்தனம். வேறொருவராக இருந்தால் அந்த மௌனத்தில் ஒரு பியானோவைப் போட்டிருப்பார்.

கடைசிக்கு முந்தைய ‘ஸ்பியர் ஆஃப் நோ-ஃபார்ம்’ பற்றியும் சொல்ல வேண்டும். அடிவயிற்றில் அதிர்கிற மாதிரியான ஒரு கனத்த ஒலி, கொம்பு ஊதுவதா காற்றா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அச்சமூட்டுவது நோக்கமா என்றுகூடத் தெரியாது, ஆனால் அந்த ஆறு நிமிடத்துக்கு அறை சற்று பெரிதாகிவிடும். அதன் பிறகு ‘சைலீன்’ வந்து ஆல்பத்தைச் சாந்தமாக இறக்கிவைக்கிறது. நடுவில் ‘உவா-உர்சி’ போன்ற சின்ன ட்ராக்குகள் ஒன்றிரண்டு, அவை இல்லாவிட்டாலும் எனக்குப் பெரிய இழப்பு இல்லை.

இதையெல்லாம் குளிர் என்ற ஒரே சொல்லில் கட்டி விற்கிறார்களே, அதுதான் எனக்கு எரிச்சல். நார்வே வடக்கு, பனி, மலை, சரி, ஆனால் இந்த ஆல்பத்தில் எத்தனை மனிதர்கள் இருக்கிறார்கள் பாருங்கள். கண்ட காட்சியைச் சொல்கிறவர், பொருளைத் தேடுகிறவர், ‘டைம்ஸ் வென் ஐ நோ யூல் பி சேட்’ ட்ராக்கில் கிதாரோடு பாடுகிற ஒருவர். எல்லோரும் வேறெங்கோ இருக்கிறார்கள், நமக்குத் தூரத்திலிருந்து கேட்கிறது. ஊர் அடங்கிய நேரத்தில் ரேடியோவின் முள்ளைத் திருகித் திருகி அயல்நாட்டு நிலையங்களைக் கேட்டவர்களுக்கு அந்த உணர்வு தெரியும். யென்சன் 2022இல் தன் ஆல்பம் ஒன்றுக்கு ‘ஷார்ட்வேவ் மெமரிஸ்’ என்று பெயர் வைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இரண்டாவது தட்டுக்கு வருவோம். த்ரோம்சோ சர்வதேசத் திரைப்பட விழா, சோவியத் இயக்குநர் ஸீகா வெர்தோவ் 1929இல் எடுத்த ‘மேன் வித் எ மூவி கேமரா’ படத்துக்குப் புதிய இசை கேட்டது. வசனம் இல்லை, கதை இல்லை, ஒரு நகரம் விழித்து வேலை செய்து விளையாடி முடிக்கிற ஒரு நாள். படத்துக்குப் பியானோ வாசிப்பவர்களுக்காக வெர்தோவ் எழுதிவைத்த குறிப்புகளை வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். யென்சன் பாதியைச் செய்தார், மீதிப் பாதியை அதே ஊர் டெக்னோக்காரரான பெர் மார்ட்டின்சனிடம் கொடுத்துவிட்டார். இந்த சிடியில் இருப்பது யென்சனின் பாதி மட்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் படத்தை ஓடவிட்டு சிடியையும் ஓடவிட்டால் பத்து நிமிடத்தில் இரண்டும் வேறு வேறு ஊருக்குப் போய்விடும்.

படத்தின் ஆரம்பத்தில் ஒரு சினிமா அரங்கம் காட்டப்படும். காலி நாற்காலிகள் தானாகவே மடிந்து திறக்கின்றன, ஆட்கள் வந்து உட்காருகிறார்கள், இசைக்குழு கையில் வில்லையும் குழலையும் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் காத்திருக்கிறது. ‘தி சைலண்ட் ஆர்கெஸ்ட்ரா’ அந்தக் காட்சிக்கானது. படம் பார்த்தவர்களுக்கு இதைக் கேட்டதும் அந்தத் தூக்கிய கைகள் ஞாபகம் வரும், பார்க்காதவர்களுக்கு இது எதற்கோ காத்திருக்கிற ஒரு இசை, அவ்வளவே. ‘சிட்டி வேக்ஸ் அப்’ இன்னும் நல்லது. நகரம் கண்விழிக்கிறது என்றால் வேறு யாராவது காலைப் பரபரப்பைக் கொண்டுவந்திருப்பார்கள், இவர் கண் திறக்கிற அந்த முதல் கணத்தையே நீட்டிக்கொண்டு போகிறார். ‘ஃப்ரீஸ்-ஃப்ரேம்ஸ்’ ட்ராக்குக்கான காட்சி, படத்தில் ஓடுகிற குதிரை சட்டென்று உறைந்து, அடுத்து படத்தொகுப்பாளர் மேசையில் பிலிம் துண்டாகக் கிடக்கிற இடம், சினிமா வரலாற்றிலேயே எனக்கு மிகப் பிடித்த இடங்களில் ஒன்று. இசையும் அங்கே ஓட்டத்தை விட்டு நிற்கிற மாதிரி செய்திருக்கிறார். ‘மானிக்யூர்’, ‘தி கிளப்’ பற்றியெல்லாம் அவ்வளவு சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. காட்சியோடு சேர்ந்தால் வேலை செய்யும், தனியாக மெலிந்துவிடுகிறது.

கடைசியில் இருக்கிற இரண்டு ஜப்பான் ட்ராக்குகள், ‘தி ஐ ஆஃப் தி சைக்ளோன்’, ‘எண்டூரியம்’, இரண்டும் முதல் தட்டின் வீட்டுப் பிள்ளைகள். மௌனப் படத்தின் பின்னால் கொண்டுபோய் ஒட்டியதில் கொஞ்சம் அனாதையாக நிற்கின்றன. அதற்காக அவற்றை முதல் தட்டில் ‘சைலீன்’ முடிந்த கையோடு சேர்த்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்பதும் உண்மை. எனவே லேபிளைக் குறை சொல்ல மாட்டேன். மொத்தத்தில் இரண்டாவது தட்டு முதலாவதன் அளவுக்கு இல்லை, ஆனால் முதலாவது எப்படி வந்தது என்பதைப் புரியவைக்கிறது. படத்துக்கு இசை செய்யும்போது தாளத்தைப் படமே பார்த்துக்கொள்ளும், வெர்தோவின் வெட்டுகளே போதும், இசை பொறுமையாக இருக்கலாம். அந்தப் பொறுமையைப் படம் இல்லாமலேயே மறுவருடம் செய்து பார்த்தார். அதே 1997இல்தான் நார்வேப் படமான ‘இன்சோம்னியா’வுக்கும் இசையமைத்தார். நோலன் பிறகு ஹாலிவுட்டில் மறுபடி எடுத்தாரே, அதன் மூலப்படம் இதுதான். சூரியன் மறையாத கோடையில் தூங்க முடியாமல் தவிக்கிற போலீஸ்காரனின் கதைக்கு த்ரோம்சோக்காரரைவிடப் பொருத்தமானவர் கிடைப்பாரா என்ன.

கேட்பதில் சில சங்கடங்கள் இருக்கின்றன, வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள். சத்தத்துக்கும் அமைதிக்கும் இடையே உள்ள தூரம் இதில் மிக அதிகம். பேருந்தில், தெருவில் நடந்துகொண்டே கேட்டால் பாதி ஆல்பம் காணாமல் போய்விடும், அது வேண்டும் என்று ஒலியைக் கூட்டினால் அடுத்து வருகிற கனத்த பகுதி காதைக் கிழிக்கும். போன் ஸ்பீக்கரில் ‘ஸ்பியர் ஆஃப் நோ-ஃபார்ம்’ என்று ஒரு ட்ராக் இருப்பதே தெரியாது, அதன் உயிர் முழுக்க அடி ஒலியில் இருக்கிறது. சுமாரான ஹெட்ஃபோன் போதும், விலையுயர்ந்தது தேவையில்லை, அறைதான் அமைதியாக இருக்கவேண்டும். ஸ்ட்ரீமிங்கில் கேட்கிறவர்கள் ஒலி அளவைத் தானாகச் சமன்செய்கிற அமைப்பை அணைத்துவிடுங்கள். நான் பயன்படுத்துகிற ஒரு செயலி ட்ராக்குக்கு ட்ராக் அளவை ஏற்றி இறக்கி, போதாக்குறைக்கு நடுவில் ஒரு சின்ன வெட்டும் விழவைத்து, அந்த விமானச் சத்தத்திலிருந்து ‘போவா அல்பினா’வுக்குள் நுழைகிற இடத்தையே கெடுத்து வைத்திருந்தது. சிடியில் அந்தத் தொல்லை இல்லை. வைனிலில் கேட்பதற்கும் ரசிகர்கள் உண்டு, ஆனால் இதுபோன்ற ஆல்பத்துக்கு நடுநடுவே எழுந்துபோய்ப் பக்கம் மாற்றுவது எனக்குச் சரிப்படாது. மெதுவான பகுதிகளில் ஊசியின் சரசரப்பு இசையைவிட முன்னால் வந்து நிற்கும்.

இது பிடித்துப்போனால் அடுத்து எங்கே போவது? 2000இல் வந்த ‘சர்க்’ எளிதான அடுத்த படி. அலாஸ்கா காட்டுக்குள் தனியாகப் போய் உயிரை விட்ட அமெரிக்க இளைஞன் கிறிஸ் மெக்கேண்ட்லஸின் கதையிலிருந்து பிறந்தது, தாளம் மெல்லத் திரும்பி வருகிறது, ஆனால் பனியில் அடி எடுத்து வைக்கிற அளவுக்குத்தான். 2002இன் ‘ஷென்ஜோ’ முழுக்கக் கிட்டத்தட்ட பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸியின் ஆர்கெஸ்ட்ரா பதிவுகளிலிருந்து வெட்டியெடுத்த லூப்கள், அதற்கு சீன விண்கலத்தின் பெயர். 2006இன் ‘டிராப்சோண்ட்’ ஜாஸ் தாளங்களை எடுத்துச் சுழல விடுகிறது. சிலருக்கு உயிர், எனக்கு ஒரு அளவுக்கு மேல் போகவில்லை.

‘என்-பிளாண்ட்ஸ்’ கதை வேறு. ஜப்பானில் நிலநடுக்க அபாயம் உள்ள கடற்கரைகளில் அணுமின் நிலையங்கள் வரிசையாக நிற்பதைப் பற்றி யோசித்து, ஒவ்வொரு ட்ராக்குக்கும் ஒரு நிலையத்தின் பெயர் வைத்து ஒரு ஆல்பம் செய்தார். வேலை 2011 பிப்ரவரியில் முடிந்தது. மார்ச் 11இல் நிலநடுக்கமும் சுனாமியும் வந்து ஃபுகுஷிமா வெடித்தது. ஆல்பம் வெளிவந்தபோது யாராலும் அதை வெறும் இசையாகக் கேட்க முடியவில்லை. சில விமர்சனங்கள் ஏதோ தீர்க்கதரிசனம் என்கிற மாதிரி எழுதின, எனக்கு அந்த மாதிரிப் பேச்சில் ஆர்வம் இல்லை. நிலையங்கள் எங்கே நின்றன என்று எல்லோருக்கும் தெரியும், அவர் உட்கார்ந்து யோசித்தார், அவ்வளவுதான். இசையோ அச்சமூட்டுவதே இல்லை, சுத்தமாக, ஒழுங்காக, தொழிற்சாலைக் கட்டுப்பாட்டறை மாதிரி ஓடுகிறது. அதனாலேயே கேட்கச் சங்கடமாக இருக்கிறது. டெக்னோ பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு இவருடைய பிற்கால ஆல்பங்களில் எளிதாக ஒட்டக்கூடியது இதுதான்.

2016இன் ‘டிபார்ட்டட் க்ளோரீஸ்’ என் தனிப்பட்ட விருப்பம். போலந்தின் கிராக்கோவில் இருந்த காலத்தில் பிறந்தது, கிழக்கு ஐரோப்பிய, ரஷ்ய நாட்டுப்புறப் பாடல்களின் பழைய பதிவுகளை எடுத்து, சொல் எதுவும் மிஞ்சாத அளவுக்கு நீட்டி, ஆவிகள் சேர்ந்து பாடுகிற மாதிரி செய்திருக்கிறார். அட்டையில் ரஷ்யப் புகைப்படக்காரர் புரோகுதின்-கோர்ஸ்கி நூறு வருடத்துக்கு முன்னால் எடுத்த வண்ணப் புகைப்படம். இதிலும் குரல்கள்தான், ஆனால் இந்தமுறை யாரும் எதையும் சொல்வதில்லை. ‘சப்ஸ்ட்ராட்டா’வில் குரலைத் தூரத்தில் வைத்தவர், பத்தொன்பது வருடம் கழித்து குரலிலிருந்து சொல்லையே கழற்றிவிட்டார். கிக் டிரம்மில் ஆரம்பித்த பழக்கம், விடவில்லை.

முதலில் வாங்கக் கூடாதது ஒன்று இருக்கிறது, ‘ஓட்டூர் டெ லா லூன்’, 2004. பிரெஞ்சு வானொலிக்காக ஜூல்ஸ் வெர்னின் நிலாப் பயணக் கதையை வைத்துச் செய்தது. தொடக்கமே இருபது நிமிடத்துக்கு மேல், பிறகு தாழ்ந்த ஒலிகள் நின்றுகொண்டே இருக்கின்றன. கச்சேரியில் மற்ற எல்லோரையும் அனுப்பிவிட்டுத் தம்பூராவை மட்டும் ஒரு மணி நேரம் கேட்பது போல, உள்ளே போனால் அசைவு தெரியும், போகாவிட்டால் ஒன்றும் நடக்காது. எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் இதை முதல் ஆல்பமாக நண்பருக்குக் கொடுத்தால் அவர் உங்களோடு பேசுவது குறையலாம்.

சிடி ப்ளேயர் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை: அவருடைய பல ஆல்பங்கள் பேண்ட்கேம்ப் என்ற இசை விற்பனைத் தளத்தில் சுருக்கப்படாத கோப்பாகவே கிடைக்கின்றன, பழையவற்றை அவரே பயோஃபோன் என்ற சொந்த லேபிளில் மறுவெளியீடு செய்துகொண்டிருக்கிறார், அந்த வழியில் காசும் நேராக அவருக்குப் போகும். ‘சப்ஸ்ட்ராட்டா 2’வை சிடியாகவே வாங்குவதென்றால் பழைய தட்டு விற்பவர்களிடம் தேட வேண்டியிருக்கலாம். முதல் தட்டில் கீறல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள், இவ்வளவு அமைதியான இசையில் ஒரு சின்ன தடுமாற்றம்கூட அப்பட்டமாகக் கேட்கும். அப்புறம், முதல் தடவை மட்டுமாவது ஷஃபிளை அணைத்துவிட்டு ஆரம்பத்திலிருந்து விடுங்கள்.